செவ்வாய்க்கிழமை மறுபடி வைக்கிறோம்

விருத்தாசலம்
4-8-2025

அன்புள்ள தம்பி நந்தாவுக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிக்கிற மனநிலை இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் பொம்மை யூனிட்டில் சூளை பார்க்கிற நூர் பாயைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றோடு ஒன்பது நாள்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். என் போன் என்னிடம் இல்லை. வந்தவர்கள் எங்கள் யூனிட்டில் அன்றைக்கு வேலையில் இருந்த ஐந்து பேரின் போனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டைத் திறக்கிற நம்பரையும் ஒரு பேப்பரில் எழுதி வாங்கினார்கள். என் மாமியாரைப் பற்றி உனக்கு நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் எவனோ ஒருவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கட்டும், அவனுக்காவது என் கஷ்டம் புரியட்டும். பக்கத்து வீட்டு ஆராயி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை, அவள் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "யாரு போனு இது? அப்பறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நடந்தது இதுதான். வேனில் ஆறு பேர் வந்தார்கள். எந்த ஊர் போலீஸ் என்றுகூடச் சொல்லவில்லை. சூளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த பாயைப் பார்த்து, "எத்தனை வெடிச்சுது? எங்க வெடிச்சுது?" என்று கேட்டார்கள். அவர் இவர்களை யாரோ மொத்த வியாபாரிகள் என்று நினைத்துக்கொண்டு, "நாப்பது சார். எல்லாம் உள்ளுக்குள்ளதான் வெடிச்சுது சார்" என்கிறார். "மிச்சத்த எங்க பொதைச்சு வெச்சிருக்க?" "பொதைக்கல சார், பின்னால பள்ளத்துல கொட்டியிருக்குது, வந்து பாருங்க." எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பள்ளத்தைத் தோண்டி, உடைந்த தும்பிக்கையும் காதும் வயிறுமாக மூன்று மூட்டை கட்டி வேனில் ஏற்றினார்கள். பாயையும் ஏற்றினார்கள். குண்டு என்று ஒரு கேஸ், சாமி சிலையை உடைத்தார் என்று ஒரு கேஸ்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருஷம் இதே யூனிட்டில் பாயோடு சூளையில் நின்றவன் நீ. போன மாதம் பெய்த மழையில் பிள்ளையார் பொம்மை ஒன்றும் சரியாகக் காயவில்லை. சதுர்த்தி வருகிறது என்ற அவசரத்தில் ஈரத்தோடு சூளையில் வைத்தார்கள், நாற்பதும் வெடித்துவிட்டது. வருஷா வருஷம் நடக்கிறதுதானே!

பாய் எதையோ யூனிட்டின் பேஸ்புக் பக்கத்தில் எழுதினாராம், அதனால்தான் பிடித்தார்களாம். அதை எங்களுக்குக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தால் "கிடைக்கவில்லை" என்று வருகிறது. வக்கீல் போய்க் கேட்டதற்கு, என்ன எழுதினோம் என்று பாய்க்கே ஞாபகம் இல்லையாம். பெண்ணாடத்துக் கடைக்காரர் பிள்ளையார் எப்போது வரும் என்று கேட்டாராம், இவர் ஏதோ பதில் போட்டாராம், அவ்வளவுதான்.

நீ சென்னையில் கம்ப்யூட்டரில் தமிழ் பார்க்கிற வேலை செய்வதாகச் சொன்னாய். அது என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் படித்தவர்கள், பெரிய இடத்து ஆட்கள் உனக்குத் தெரிந்திருப்பார்கள். யாரிடமாவது எடுத்துச் சொல்லடா. அவருக்கு வயது ஐம்பத்தாறு, சர்க்கரை இருக்கிறது.

அன்புடன்,
பானுமதி

•

சென்னை
10-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நூர் பாய் விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. ஆனால் இதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. விசாரணை நடக்கும், உண்மை தெரிந்தால் விட்டுவிடுவார்கள்.

கொஞ்ச நாளைக்கு நீ யூனிட்டுக்குப் போகாதே. பாய் வீட்டுக்கும் போக வேண்டாம். யாருடைய போனிலிருந்தும் என்னைக் கூப்பிடாதே. என் போனில் கம்பெனி ஆப் ஒன்று போட்டிருக்கிறார்கள், யார் கூப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலையில் சேரும்போது மூன்று வருஷத்துக்கு பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இதை முன்னாலேயே உனக்குச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்.

பாய் மேலும் தப்பு இருக்கிறது அக்கா. ஊர் உலகம் பார்க்கிற இடத்தில், அதுவும் சதுர்த்தி நேரத்தில், "செவ்வாக்கெழம மறுபடி வைக்கிறோம், இந்தத் தடவ தப்பாது" என்று எழுதினால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? கொஞ்சம் யோசித்து எழுதியிருக்க வேண்டும்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நந்தகுமார்

•

விருத்தாசலம்
16-8-2025

நந்தாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. நாலாவது தடவை ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.

"செவ்வாக்கெழம மறுபடி வைக்கிறோம், இந்தத் தடவ தப்பாது." இந்த வரி உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. பெண்ணாடத்துக் கடைக்காரர் போனை அணைத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். பாய்க்காக வாதாடுகிற வக்கீலம்மா மதிவதனி கேட்டும் கோர்ட்டில் அந்தப் பதிவை இன்னும் கொடுக்கவில்லை. உனக்கு மட்டும் யார் காட்டினார்கள்? "செவ்வாக்கெழம" என்று பாய் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறாயே!

நான் பத்தாவதுதான். ஆனால் மடச்சி இல்லை.

நீ இல்லாத ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள். வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே முதலாளி பழமலைநாதன் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "இனிமே எவனும் வெடிச்சுதுன்னு சொல்லக் கூடாது, சேதம்னு சொல்லுங்க. சூளை வைக்கிறோம்னு சொல்லக் கூடாது, அடுக்குறோம்னு சொல்லுங்க" என்றார். போர்டில் எழுதியும் போட்டுவிட்டார். நேற்று ஆராயி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்து, "யக்கா, இத எங்க வைக்..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. யூனிட் வாட்ஸப் குரூப்பில் இருந்த முப்பத்திரண்டு பேரில் இப்போது நாலு பேர்தான் மிச்சமாம். அந்த நாலு பேரும் காலை வணக்கம் படம் மட்டும் போடுகிறார்கள்.

என் குதிகாலில்கூட வெடிப்பு இருக்கிறது. என்னையும் வந்து பிடித்துக்கொண்டு போகச் சொல்.

நான் கேட்டதற்குப் பதில் வேண்டும். சுற்றி வளைக்காதே.

பானுமதி

•

சென்னை
23-8-2025

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நான் பார்க்கிற வேலை இதுதான். ஒரு கம்பெனி, அரசாங்கத்துக்காக ஒப்பந்தம் எடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள், எந்தத் துறைக்காக என்று எங்களுக்குச் சொன்னதில்லை. ஜன்னல் இல்லாத ஹாலில் அறுபது பேர் உட்கார்ந்திருப்போம். ஜனங்கள் பொதுவில் எழுதுவதை எல்லாம் மெஷின் படித்து, சந்தேகமான வார்த்தை இருந்தால் சிவப்புக் கட்டம் போட்டு எங்களுக்கு அனுப்பும். மெஷினுக்குப் புத்தகத் தமிழ்தான் வரும். அதனால் ஒவ்வொரு வட்டாரப் பேச்சுக்கும் அந்த ஊர்க்காரன் ஒருவனை வைத்திருக்கிறார்கள். கடலூர், விழுப்புரம் பக்கத்துக்கு நான். "வூடு", "இருக்குது" என்று பேசுகிறவன் என்றுதான் எனக்கு வேலையே கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஒவ்வொன்றையும் பார்க்க இருபது வினாடி. கீழே மூன்று பட்டன். ஒன்றுமில்லை, மேலே பார்க்கவும், அவசரம். இரண்டாவதை அழுத்தினால் மேலதிகாரிக்குப் போகும்.

ஜூலை பதினெட்டாம் தேதி காலை பதினொன்றரை இருக்கும். கட்டம் வந்தது. "பிள்ளையார் நாப்பதும் வெடிச்சிடுச்சு. ஒடஞ்சத பள்ளத்துல கொட்டியாச்சு. செவ்வாக்கெழம மறுபடி வைக்கிறோம், இந்தத் தடவ தப்பாது." பெயரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. அவர் குரலே கேட்டது. அந்த ஹாலில் இருந்த அறுபது பேரில் இது சூளைப் பேச்சு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். "ஒன்றுமில்லை"யை அழுத்தியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

நான் "மேலே பார்க்கவும்" அழுத்தினேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின வாரம் பாரி என்று ஒரு பையன், தஞ்சாவூர்ப் பக்கத்தைப் பார்த்தவன், அவனுடைய ஊர்க்காரர் எழுதியதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டான். அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, "உனக்குத் தெரிந்தவனா? என்ன உறவு? எவ்வளவு நாளாக?" என்று சாயங்காலம்வரை கேட்டார்கள். மறுநாள் அவன் நாற்காலி காலி. சர்ட்டிபிகேட் கொடுத்தார்களா என்றுகூட யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் பதிவு வந்தால் நாங்கள் முதலில் அதை மேலே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தால் என்னையும் அந்த அறைக்குக் கூப்பிடுவார்கள். அதற்குப் பயந்தேன். மேலே இருப்பவர் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மெஷின் மொழிபெயர்த்துக் கொடுப்பதைத்தான் படிப்பார். அதில் பிள்ளையார் கோயில் நாற்பதில் குண்டு வெடித்தது, செவ்வாய்க்கிழமை மறுபடி குண்டு வைப்போம், இந்தத் தடவை யாரும் தப்ப முடியாது என்று வந்திருக்கிறது. அதையும் பிறகு பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அழுத்திவிட்டுப் போய் டீ குடித்தேன். அதுதான் என்னால் மறக்க முடியவில்லை.

இதை வெளியில் சொன்னால் எனக்கும் ஜெயில்தான். அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கட்டாயம் கிழித்துவிடு. உன் காலில் விழுகிறேன்.

நந்தா

•

விருத்தாசலம்
3-9-2025

நந்தாவுக்கு,

கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

பத்து நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. உன் மாமா, "ஒனக்கு என்னா ஆச்சு, பேய் அறஞ்ச மாதிரி இருக்குற" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது? என் தம்பி பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்தான் என்று சொல்வதா?

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் திட்டு வரவில்லை. அந்த அறையில் நீ உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வருகிறது. அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைக்கும்போது, எவனுக்கும் பயப்படாத வேலையில் நீ உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நடந்தது இது. உனக்காக அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சதுர்த்தி முடிந்தது. எங்கள் பிள்ளையார் ஒன்றுகூட இந்த வருஷம் கடைக்குப் போகவில்லை. முந்தாநாள் பாயைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாய் மனைவி சாதிகா அக்கா, மங்கலம்பேட்டையில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். நானும் போனேன். பாய் பாதியாகிவிட்டார். தாடி முழுக்க வெள்ளை. இரண்டு நிமிஷம்தான் பேச விட்டார்கள். பெண்டாட்டியிடம் மாத்திரையைப் பற்றிப் பேசியது ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம் என்னிடம் பேசினார்.

"ஏம்மா பானு, நம்ம நந்தா மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்லதான இருக்கான்? அவன வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா. இவங்க யாருக்கும் சூளையப் பத்தித் தெரியல. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. அவன் படிச்சவன், அவன் சொன்னா எடுத்துக்குவாங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வேன்? சாதிகா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ள நமக்கு இல்லாம போயிடுவானா" என்றார்கள். அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

வக்கீலம்மா சொன்னதைச் சொல்கிறேன். கோர்ட்டில் கடைசியாகக் கொடுத்த பேப்பரில் மொழிபெயர்ப்பு மட்டும்தான் இருக்கிறதாம். தமிழில் என்ன இருந்தது என்பது எதிலுமே இல்லை. "சூளைக்காரங்க நூறு பேர் வந்து சொன்னாலும், தெரிஞ்ச ஆளுக்காகப் பேசறாங்கன்னுதான் சொல்வாங்க. மொதல்ல அதப் பார்த்தவங்களே, இது ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்னு சொன்னா கேஸே நிக்காது. ஆனா அப்படி யாரு வருவாங்க?" என்றார். அந்த ஆள் எழுதிய கடிதம் என் வீட்டு அரிசி டப்பாவில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வாய்தா இருபத்திரண்டாம் தேதி. கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல். உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

பானுமதி

•

சென்னை
9-9-2025

அக்கா,

வேண்டாம்.

கொடுத்தால் பாய் வெளியே வருவார், நான் உள்ளே போவேன். சர்ட்டிபிகேட் போய்விடும். பிறகு எந்த ஊரில் யார் எனக்கு வேலை தருவார்கள்? நான் கோழைதான். அப்படியே வைத்துக்கொள். வேண்டுமானால் பெயர் போடாமல், சூளையில் வெடிப்பது என்றால் என்னவென்று டைப் செய்து தருகிறேன். டிப்ளமோ புத்தகத்தில் இருப்பதையே எழுதித் தருகிறேன். அதை வக்கீலிடம் கொடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாய் பதிவைக் கண்டுபிடித்ததற்காக என்னைப் பாராட்டி ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். என்னுடையதை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களுடையதைக் கொடுக்கிறார்கள். நம் ஊர்ப் பகுதிக்கு என்னைப் பொறுப்பாகவும் போட்டுவிட்டார்கள். புதிதாக என்ன வார்த்தைகளைச் சேர்க்கலாம் என்று பட்டியல் கேட்டார்கள். சூளை, வைக்கிறது, கொட்டுறது என்று நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். சேதம், அடுக்குறது என்பதையும் சேர்த்துவிட்டேன். அது உன் கடிதத்தில் படித்தது. கேட்டபோது கை தானாக எழுதிவிட்டது.

இனிமேல் நம் ஊரில் யார் எதைப் பொதுவில் எழுதினாலும் என் கண் வழியாகத்தான் போகும். திட்டக்குடியில் மழை இல்லை என்று எழுதுகிறவர்கள், பஸ் வரவில்லை என்று எழுதுகிறவர்கள் எல்லாரையும் பார்க்கிறேன். பாதிப் பேரை எனக்குத் தெரியும். யாருக்கும் என்னைத் தெரியாது. விட்டுவிட்டு வரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

நீ புதுப் போன் வாங்காதே அக்கா. தயவுசெய்து வாங்காதே. உன் பெயர் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நந்தா

•

விருத்தாசலம்
16-9-2025

அன்புள்ள தம்பி நந்தாவுக்கு,

கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போனேன். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். இரண்டு தடவை திரும்பி நடந்தேன். உன் கடைசிக் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் வீட்டுக்கே திரும்பியிருப்பேன், அது சத்தியம். சேதம், அடுக்குறது என்று நாங்கள் பயந்துபோய் மாற்றிக்கொண்ட வார்த்தையையும் எடுத்துக் கொடுத்துவிட்டாயே. இனி நாங்கள் எதைச் சொல்லி வேலை செய்வது? உன்னை இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே விட்டால் என்னையும் எழுதிக் கொடுத்துவிடுவாய் என்று தோன்றியது. நீயே அப்படித்தான் எழுதியிருக்கிறாய்.

வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒங்க தம்பியா?" என்றார். ஆமாம் என்றேன். "அவரு பேர மறைச்சுக் குடுத்தா செல்லாதும்மா" என்றார். மறைக்க வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார்.

சாதிகா அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி அவர்களுக்குத் தெரியக்கூடாது. கேட்டுவிட்டு உள்ளே போனார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கதவைத் திறந்து, "அவரு வந்ததுக்கு அப்பறம் வா பானு, இப்ப வராத" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

உன் மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தவள் என்கிறார். இருக்கட்டும்.

இனி நடக்கப்போவதை வக்கீலம்மா சொன்னபடி சொல்கிறேன். இருபத்திரண்டாம் தேதி கடிதத்தைக் கோர்ட்டில் கொடுப்பார்கள். உனக்குச் சம்மன் வரும். அதற்கு முன்னாலேயே உன் கம்பெனிக்காரர்கள் உன்னை அந்தத் தனி அறைக்குக் கூப்பிடுவார்கள். இது நான் எழுதியதில்லை என்று சொல், யாரோ ஜோடித்தது என்று சொல், உன்னைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள். உனக்குப் பயம் வரும். நீ சொன்னாலும் சொல்லிவிடுவாய்.

அதனால் முன்னாலேயே எழுதுகிறேன். அப்பா போகும்போது உனக்கு ஐந்து வயசு. சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான். நீ "ந" போட்டால் வால் கீழே இழுத்துக்கொண்டு போகும், எவ்வளவு சொல்லியும் நீ மாற்றிக்கொள்ளவில்லை. நீ இல்லை என்று சொன்னால், நான் கூண்டில் ஏறி, இது என் தம்பி நந்தகுமாரின் கையெழுத்து என்று சொல்வேன். நீ எதிரில் நின்று பார்த்தாலும் சொல்வேன். அறுபது பேரில் அந்த வார்த்தை தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்றாய், பேசாமல் இருந்துவிட்டாய். உன் கையெழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் பேசாமல் இருக்க மாட்டேன்.

என்னை அந்தக் கூண்டில் ஏற வைக்காதே, நந்தா.

உன் அக்கா,
பானுமதி